சிவப்புத் தாளில் ஒரு படகின் பெயர்

1997 அக்டோபர் 18, சனிக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். தூறல். காற்றே இல்லை. மயிலாப்பூர் முழுவதையும் யாரோ ஈரத் துணியில் சுற்றி வைத்தது போல இருந்தது. எங்கள் முன்னறையில் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் ஒரு பெயரை வெட்டி முடித்துவிட்டு, தலையை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு நின்றது.

என் மகள் சிவப்புத் தாளின் மூலையை நகத்தால் கிளப்பி மெதுவாக இழுத்தாள். முதல் எழுத்து அதோடு சேர்ந்தே எழுந்து வந்தது. அவள் நிறுத்தினாள். விரலால் அழுத்தி அதை மறுபடி படுக்க வைத்தாள். இழுத்தாள். மறுபடியும் எழுந்தது.

அந்த இயந்திரத்தை அவள் அந்த வருடம்தான் வாங்கியிருந்தாள். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, முன்னறையிலேயே தொழில் தொடங்கினாள். என் சாய்வு நாற்காலி நடைவழிக்குப் போயிற்று. தணிக்கை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற எனக்குக் கிடைத்த வேலை உரிப்பது. பளபளப்பான படலம் மேலே, மெழுகு பூசிய தாள் கீழே. கத்தி படலத்தை மட்டும் வெட்டிப் போக வேண்டும், தாளைத் தொடக் கூடாது. பிறகு எழுத்து அல்லாததை எல்லாம் உரித்து எடுத்துவிட்டால், எழுத்து மட்டும் தாளில் தங்கும். பொறுமை கேட்கிற வேலை. எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் எண்ணிக்கொண்டே செய்தால் என் கை நிதானமாகிவிடும் என்று மகள் கண்டுபிடித்திருந்தாள்.

வாசலருகே ஸ்டூலில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். கூடையை மாடிப்படிக்குக் கீழேயே வைத்துவிட்டுத்தான் மேலே வந்திருந்தாள். அவள் மகன் புதிதாக ஃபைபர் படகு வாங்கியிருந்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும் பாதிரியார் கரைக்கு வந்து படகை மந்திரிப்பதாக ஏற்பாடு. அதற்குள் படகின் இரண்டு பக்கமும் பெயர் இருக்க வேண்டும்.

"இன்னா பாப்பா, ஆச்சா?" என்றாள்.

"இல்லக்கா. எழுத்தும் கூடவே எழுந்து வந்துடறது."

"அது இன்னாத்துக்கு எழுந்து வருது? படுத்துக்கினு இருக்கத்தானே சொன்ன."

மகள் சிரிக்கவில்லை. "நாளைக்கு இல்லாட்டா அடுத்த வாரம் மந்திரிச்சா ஆகாதா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஃபாதரு வெளியூரு போறாரு. அப்பாலிக்கா கிறிஸ்மஸ் வந்துடும். அதுவரிக்கும் போட்ட மணல்லயே குந்த வைக்க முடியுமா? எம் புள்ள வட்டி கட்டிக்கினு கீறான். பேரு இல்லாத போட்ட மந்திரிச்சா, யாருக்கு மந்திரிச்சதாம்?"

பெயர் யாருடையது என்று நான் கேட்டேன்.

"மாமியாரு பேரு, ஐயரே. உசுரோட இருந்தப்போ ஒரு நாளு எம் பேச்சக் கேட்டதில்ல. போட்டாவது கேக்குதா பாப்போம்."

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆறு எழுத்து. அதில் சுழிகள் ஏழு, புள்ளி இரண்டு. சாதாரண நாளில் நாங்கள் வெட்டியது பெரும்பாலும் ஆங்கில எழுத்து. தமிழ் எழுத்தோ வளைந்துகொண்டே இருக்கும். ஒரு சுழிக்குள் போன கத்தி வந்த வழிக்கே திரும்ப வந்து சேர வேண்டும்.

மகள் முதலில் கத்தி மழுங்கிவிட்டது என்றாள். பெட்டியில் இருந்த ஒரே புதுக் கத்தியை மாட்டினாள். அதே கதை. பிறகு கத்தியின் அழுத்தத்தைக் கூட்டினாள். இந்த முறை கத்தி அடித்தாளையும் கிழித்துவிட்டது. உரித்தபோது மெழுகுத் தாள் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து எழுத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டது. அழுத்தத்தைக் குறைத்து, வேகத்தையும் குறைத்தாள். இயந்திரம் தூக்கத்தில் நடப்பது போல வெட்டியது. சுழிகள் அப்போதும் எழுந்தன.

ஈரப்பதம்தான் காரணம் என்பது என் கட்சி. இந்த மழையில் தாள் ஊறிப் போயிருக்கும் என்று வாதாடி, மேசை விளக்கை அருகே வைத்துத் தாளைச் சூடு காட்டினேன். படலம் இளகி, இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டது. ஒரு எழுத்து வாயைக் கோணிக்கொண்டது.

"மாமியாரு மாதிரியே கீது," என்றாள் மீன்காரம்மாள்.

சுருளில் என்ன மிச்சம் இருக்கிறது என்று அடிக்கோலால் அளந்தேன். ஒரு தரம் பெயர் வெட்டலாம். இரண்டாவது தரத்துக்கு ஒரு சாண் குறையும். மகள் தி. நகர் கடைக்குப் போன் செய்தாள். சிவப்பு திங்கட்கிழமைதான் வரும், நீலம் இருக்கிறது என்றார்கள்.

"ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் நீலமா? எந்தக் கட்சி போட்டுன்னு கேப்பானுங்க. வாணாம்."

வெளியே மழை வலுக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. சன்னல் கம்பியில் சொட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒன்று விழுந்தால் அந்த இடத்துக்கு அடுத்தது நகர்ந்து வந்தது. நான் அவற்றை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கையை விட்டுவிட்டு, மீண்டும் தொடங்கினேன். அறையெங்கும் கெட்டுப்போன சிவப்புத் துண்டுகள். என் வேட்டியில் ஒரு புள்ளி ஒட்டியிருந்தது. மகளின் முழங்கையில் ஒரு அரைச்சுழி. எங்கிருந்தோ வந்து எங்கள்மேல் உதிர்ந்தவை போல அவை இருந்தன. அவற்றைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்து, கெட்டுப்போன தாள் ஒன்றை மடியில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு அடியில் எழுத்து ஒரு பெரிய நிலம் போல விரிந்தது. நேர்க்கோடுகள் சுத்தமாக இருந்தன. வளைவு வருகிற இடத்தில்தான் தகராறு. கத்தி திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நேரே போய், பிறகு விழித்துக்கொண்டது போல இழுத்துத் திரும்பியிருந்தது. அதனால் ஒவ்வொரு சுழியும் தொடங்கிய இடத்துக்கு வந்து சேராமல், ஒரு மயிரிழை அளவு வெட்டுப்படாமல் நின்றது. உரிக்கும்போது அந்த இழைதான் எழுத்தைக் கையோடு பிடித்து இழுத்தது.

மகளிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"கத்தி திரும்ப மாட்டேங்கறதுப்பா," என்றாள்.

கத்தி ஒரு சிறிய உலோகக் கூட்டுக்குள் செருகி இருக்கும், பேனாவின் முனை போல. போகிற திசைக்கேற்ப அது தானாகச் சுழல வேண்டும். அவள் கூட்டைக் கழற்றி, கத்தி முனையை விரல் நுனியால் தொட்டுச் சுழற்றிப் பார்த்தாள். அசையவில்லை. கூட்டைப் பிரித்து ஒரு பழைய செய்தித்தாளின்மேல் தட்டினாள். மஞ்சளாகக் கொஞ்சம் பொடி விழுந்தது. அதில் துளி சிவப்பு. ஈர அறையில் சந்தன வாசனை எழுந்தது.

அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, அது ஆயுத பூஜைச் சந்தனமாச்சே."

போன வாரம்தான் பூஜை. இயந்திரத்தைத் தூக்கி சாமி முன்னால் வைக்க முடியாது, கதவகலம் இருக்கும். அதில் ஆயுதம் எது என்று குடும்பமே ஆலோசித்தது. கத்திதான் ஆயுதம் என்று முடிவாயிற்று. கத்திக் கூட்டைக் கழற்றித் தாம்பாளத்தில் கத்தரிக்கோல், அரிவாள்மணை, தையல் இயந்திரத்தின் ஊசி எல்லாவற்றோடும் வைத்தோம். மனைவி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தாள். கூட்டின் வாயில் வைத்தது உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த வேலை, ஒரு கடைக் கண்ணாடிக்கு நீளப் பட்டைகள் மட்டும். நேர்க்கோட்டுக்குக் கத்தி திரும்ப வேண்டியதில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

"வெளிப்பக்கமா ஒரு பொட்டு வெச்சிருக்கப்படாதாம்மா?" என்றாள் மகள்.

"பிடிக்கு யாராவது பொட்டு வெப்பாளோ? கத்திக்குத்தானேடி வெக்கணும்."

மீன்காரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "சாமியா ஆக்கிட்டீங்கோ. அப்பாலிக்கா அது எப்படித் திரும்பும், குந்திக்கினுதான் இருக்கும்."

மனைவியே பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கூட்டைத் துடைத்தாள். உள்ளே மீதியைத் தூரிகை முடியால் எடுத்து, தையல் இயந்திர எண்ணெயில் ஒரு சொட்டு விட்டோம். மகள் விரலால் தொட்டாள். கத்தி சட்டென்று சுழன்றது. சுருளின் ஓரத்தில் ஒரு சிறிய சுழியை வெட்டிப் பார்த்தாள். வெந்த உருளைக்கிழங்கின் தோல் போல மேல்படலம் கழன்று வந்தது. சுழி தாளிலேயே இருந்தது.

கடைசித் துண்டைப் பூட்டினோம். ஒரு பக்கத்துக்குத்தான் இருக்கிறது, இன்னொரு பக்கத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமலே பூட்டினோம். இயந்திரம் ஓடத் தொடங்கியது. தாள் முன்னும் பின்னும் நகர்ந்தது, தலை குறுக்கே போய் வந்தது. இரவில் கேட்கிற பூச்சிச் சத்தம் பகலில் கேட்பது போல இருந்தது. இன்றைக்கும் மழைநாளில் கண்ணை மூடினால் அந்த ஓசை வருகிறது. சிவப்பு முழுவதும் வழுவழுவென்று ஒரே பரப்பாகத்தான் தெரிந்தது. அதற்குள் ஒரு கிழவியின் பெயர் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

உரிக்கிற முறை என்னுடையது. தாளை சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வெட்டு விழுந்த இடங்களில் மட்டும் ஒளி மெல்லிய கம்பியாகக் கசிந்தது. எழுத்துக்கு உள்ளேயும் சிவப்பு, வெளியேயும் சிவப்பு. எது பெயர், எது மிச்சம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"வெளியில இருக்கிறதை உரிக்காம, எழுத்தை மட்டும் எடுத்தா என்ன ஆகும்?" என்றேன்.

"தாள்ல ஓட்டைதான் இருக்கும்."

"அந்த ஓட்டையும் இந்தப் பேர்தானே. அதை அப்படியே படகுல ஒட்டி, ஓட்டைல பெயிண்ட் அடிச்சுட்டு எடுத்துடலாமே."

மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். "சுழிக்கு நடுவுல இருக்கிற துண்டெல்லாம் தாள்லயே நிக்கும்பா," என்றாள் மெதுவாக. "இடம் மாறாது. சரியா வரும்."

எனாமலில் எழுத வேண்டாம், ஒரே வருஷத்தில் வெளுத்துவிடும், ஸ்டிக்கர்தான் வேண்டும் என்று வந்தவர்கள் அவர்கள். மீன்காரம்மாள் என்ன சொல்வாளோ என்று பயந்தேன். அவள் யோசித்தாள்.

"பக்கத்து போட்டுக்காரன் பாக்குற பக்கம் ஸ்டிக்கரு ஒட்டு. அவந்தான் ஒட்டிக்கினு பீத்திக்கினு கீறான். அந்தாண்ட பக்கம் பெயிண்டு அடி. மீனுக்கு இன்னா படிக்கவா தெரியும்?"

முள் எடுக்கும் இடுக்கியால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். புள்ளிகளை ஊசி முனையில் எடுத்தேன். காலையில் கெட்டுப்போன தாள்களின் வெற்று மெழுகுப் பரப்பில் மகள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள், அதன்மேல் படுக்க வைத்தோம். எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குத் தூறல் விட்டது. ஆட்டோவில் பட்டினப்பாக்கம் போனோம். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் படகு வெள்ளையாக இருந்தது, தூங்குகிற மாடு போல. அந்த அம்மாளின் மகன், தோள் அகன்ற, பேசாத மனிதன், படகின் விலாவை உலர்ந்த துணியால் மறுபடி மறுபடி துடைத்துக் கொடுத்தான். மேலே ஒட்டுநாடா பரப்பி, இடம் மாறாமல் மெழுகுத் தாளிலிருந்து தூக்கி, ஒரு பக்கம் எழுத்துகளை ஒட்டினோம். மறுபக்கம் அதே மாதிரி ஓட்டைத் தாளை ஒட்டி, துணியை உருண்டையாகச் சுருட்டி, சிவப்பு எனாமலில் தொட்டுத் தொட்டு ஒற்றினோம். தாளை உரித்தபோது பெயர் அங்கேயும் வந்திருந்தது. ஒரு சுழியின் ஓரத்தில் மட்டும் பெயிண்ட் துளி கசிந்திருந்தது.

"மச்சம்," என்றான் மகன். அன்று அவன் பேசியது அது ஒன்றுதான். "ஆயாவுக்கு இருந்துச்சு," என்று அவன் அம்மா விளக்கினாள்.

ஞாயிறு விடியலில் நானும் மகளும் போனோம். வானம் பால் போலிருந்தது, கடலும் வானமும் எங்கே சேர்கின்றன என்று தெரியவில்லை. பாதிரியார் ஜெபித்து, நீர் தெளித்து, ஒரு பக்கம் நின்று பெயரை உரக்கப் படித்தார். சுற்றி வந்து மறுபக்கமும் படித்தார். இரவெல்லாம் ஈரம், எனாமல் முழுதாகக் காயவில்லை. அவர் விலகி வந்தபோது வெள்ளை அங்கியின் ஓரத்தில் ஒரு சிவப்புச் சுழி ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஃபாதரு, எங்க மாமியாரு யாரையும் சும்மா விட்டதில்ல," என்றாள் அந்த அம்மாள்.

அவர் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். ஆட்கள் தோள் கொடுத்துப் படகைத் தள்ளினார்கள். அது மணலை விட்டு நீரில் ஏறி, முதல் அலையில் மூக்கைத் தூக்கி, இறங்கியது. பெயர் கொஞ்ச நேரம் படிக்கக் கிடைத்தது. பிறகு சிவப்பு மட்டும் தெரிந்தது. பிறகு வெள்ளை மட்டும்.

மகள் ஒரு பக்கத்துக்குத்தான் கூலி வாங்கினாள். அது அவள் கணக்கு. கெட்டுப்போன தாள், கத்தி, எனாமல், ஸ்பிரிட், ஆட்டோ நான்கு தடவை, எல்லாவற்றையும் நானே ஏற்றுக்கொண்டேன். பாதிரியாரின் அங்கியை வெளுக்கப் பணம் நீட்டினேன், அவர் வாங்கவில்லை. அது நீங்கலாக, எனக்கு ஆனது அறுநூற்று நாற்பத்தேழு ரூபாய்.