செங்கம் ரோட்டில் இரண்டு டெஸ்ட் டிரைவ்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. உடம்பு சரியில்லையா என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. அடிபட்டது வேறொருவருக்கு... என்னால்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தம்பி குணசேகரன் திருவண்ணாமலையில் லாட்ஜ் நடத்துகிறான். நாற்பத்தைந்து வயதில் அவனுக்கு வேகமான கார் மேல் ஆசை வந்துவிட்டது. தேடித் தேடி இரண்டில் வந்து நின்றான். ஒன்று, ஹாட் ஹேட்ச்பேக் — சின்ன உடம்பு, பெரிய இன்ஜின், முன்சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். இன்னொன்று, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஆல் வீல் டிரைவ் செடான்.

"நீங்க ஓட்டிப் பாத்து சொல்லுங்க மாமா. காரைப் பத்தி நீங்க எழுதாததா?" என்றான்.

எழுதியிருக்கிறேன்தான். கியர், கிளட்ச், வளைவு என்று இதே இடத்தில் எத்தனை வாரம் அளந்திருக்கிறேன். புகழ்ந்தால் மயங்காத ஆள் உண்டா?

செவ்வாய்க்கிழமை காலையில் ஹேட்ச்பேக் வந்தது. லேசான தூறல். ஆசிரமப் பகுதியில் ஸ்பீடு பிரேக்கர், ஆட்டோ, காபி டம்ளரோடு ரோட்டைக் கடக்கும் வெள்ளைக்காரர்கள் — எல்லாவற்றையும் ஊர்ந்து தாண்டினால் செங்கம் ரோடு கொஞ்சம் மூச்சு விடும். அங்கே ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். ஸ்டியரிங் கையை இழுத்தது. ஈரத்தில் முன்சக்கரம் ஒருமுறை சுழன்று, பிறகுதான் பிடித்தது. புளியமரங்கள் இருக்கும் ஒரு வளைவில் எழுபதில் நுழைந்தேன். வண்டி நேராகப் போகப் பார்த்தது. பயந்து காலை எடுத்துவிட்டேன்.

"முரட்டு வண்டிடா குணா" என்றேன். குறையாகத்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை ஆல் வீல் டிரைவ் வந்தது. கொண்டு வந்தவர் ஷோரூமின் சேல்ஸ்மேன் தயாளன். நாற்பதை நெருங்கும் ஆள், இரண்டு பெண் குழந்தைகள், ஆரணிப் பக்கம் சொந்த ஊர். என் பத்தியை விடாமல் படிப்பவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். என் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். குணா பின்னால்.

அதே ரோடு. அதே தூறல். அதே வளைவு.

நூறில் நுழைந்தேன். வண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. சக்கரம் வழுக்கவில்லை, ஸ்டியரிங் முனகவில்லை. தண்டவாளத்தில் போவதுபோல் போயிற்று. "எப்படி சார்?" என்றார் தயாளன் சிரித்துக்கொண்டே. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

வளைவு முடிகிற இடத்தில், எதிர்ப்பக்கம் ஒரு டவுன் பஸ் நின்றிருந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு பெண் ரோட்டில் கால் வைத்தாள்.

பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கடியில் துடித்தது. வண்டி நிற்கவில்லை... நிற்கவே இல்லை.

இதை இத்தனை வருடம் எழுதியவனுக்கு ஏன் தோன்றவில்லை? நான்கு சக்கரமும் இழுக்கும் என்பது கிளம்பவும் வளைவில் திரும்பவும்தான். நிறுத்தும்போது எல்லா வண்டிக்கும் அதே நான்கு சக்கரம், அதே ஈர ரோடு. ஹேட்ச்பேக் எழுபதிலேயே என்னை மிரட்டி நிறுத்தியது. இந்த வண்டி நூறிலும் தாலாட்டியது.

அவள் பெயர் ராணி. வயது நாற்பத்திரண்டு. மல்லாட்டைக் கொல்லையில் — நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் — களையெடுக்க, ஓரகத்தி கஸ்தூரியோடு பஸ்ஸில் வந்து இறங்கியவள். கஸ்தூரி ஓரடி பின்னால் வந்ததால் தப்பித்தாள். ராணி புளியமரத்தடியில் கிடந்தாள். வலது கால் இருக்கக் கூடாத திசையில் இருந்தது. அவள் கத்தவில்லை. கஸ்தூரிதான், "அய்யோ, காலு... காலு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

என் கைகள் ஸ்டியரிங்கை விட மறுத்தன. தயாளன்தான் என்னை இறக்கினார். "ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்காது சார். நம்ம வண்டியிலயே தூக்கிட்டுப் போயிடலாம்." பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் கைகொடுத்தார்கள். தயாளன் ஓட்டினார். பெரியாஸ்பத்திரி வாசலில் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கியதும் அவர்தான்.

அங்கிருந்த போலீஸ்காரர் நோட்டை விரித்தார். "யாரு ஓட்டுனது?"

"நான்தாங்க" என்றார் தயாளன்.

எனக்கு முன்னால் சொல்லிவிட்டார். சரி, பின்னாலாவது நான் சொல்லியிருக்கலாமே? நான் நின்றேன். அவ்வளவுதான் செய்தேன்.

தயாளனை ஓரமாக அழைத்து ஏன் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "டெஸ்ட் டிரைவ் ஃபார்ம்ல கையெழுத்து வாங்காம யார்கிட்டயும் வண்டி குடுக்கக் கூடாது சார். உங்ககிட்டப் போயி எப்படிக் கேக்கறதுனு விட்டுட்டேன். நீங்க ஓட்டுனதா எழுதுனா அதான் முதல்ல வரும். வேலை போயிடும். நான் ஓட்டுனதுனா ஒரு ஆக்சிடெண்ட், அவ்ளோதான்."

குணா என் தோளைத் தொட்டான். "விடுங்க மாமா. அவரே ஒத்துக்கறாரு. உங்க பேரு எதுக்கு வீணா?"

விட்டுவிட்டேன். மூன்று நாள் விட்டுவிட்டேன்.

அந்த மூன்று நாளில் என்ன செய்தேன்? தெரிந்த வக்கீல் ஒருவருக்குப் போன் செய்து, "என் நண்பர் ஒருத்தருக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க நண்பரை நேரா ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லுங்க" என்றார். குரலிலேயே புரிந்துகொண்டுவிட்டார். நானும் புரியாதவன்போல் நன்றி சொன்னேன். என் மனைவி எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். முப்பது வருடத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள், ரொட்டி என்று ஒரு பையோடு ராணியைப் பார்க்கப் போனேன். ஆபரேஷன் முடிந்து காலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள். கஸ்தூரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"வண்டியில கூட வந்தவன்" என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். பாருங்கள், அப்போதும் அப்படித்தான் வந்தது வாயில்.

ராணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்கதானே சார் ஓட்டுனீங்க?"

நான் பையைக் கைமாற்றிப் பிடித்தேன்.

"கண்ணாடி வழியா உங்க மூஞ்சியைத்தான் பாத்தேன். அப்புறம்தான் விழுந்தேன்."

"போலீஸ்ல சொல்லலையாம்மா?"

"வந்தாங்க. எப்படி கிராஸ் பண்ணே, பாத்துப் போகக் கூடாதானு கேட்டாங்க. யார் ஓட்டுனதுனு என்னைக் கேக்கலை." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "குந்தி வேலை செய்ய முடியாதுனு டாக்டர் சொல்றாரு சார். குந்தாம எப்படிக் களையெடுக்கறது?"

பையைக் கட்டிலோரம் வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். "படிச்சவர். பேப்பர்ல எழுதறவர். மூணு நாள் என்ன பண்ணீங்க?"

"பயந்துட்டேங்க."

"அந்த சேல்ஸ்மேன் பயப்படலையா?" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கேஸ் இப்போது என் பெயரில். லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இதோடு மனசு லேசாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை.

தயாளனுக்கு வேலை போய்விட்டது. ஃபார்ம் வாங்காததற்காக மட்டுமல்ல, பொய் சொன்னதற்காகவும். போலீஸிலும் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. போன திங்கட்கிழமைதான் எடுத்தார்.

"தயாளன், நான் எங்கே வந்து எதைச் சொல்லணுமோ..."

"வேணாங்க சார்." என்னை முடிக்க விடவில்லை. "வேலை எப்படியும் போயிருக்கும் சார். அது என் தப்பு. ஆனா அன்னிக்கே, அந்த இடத்துலயே நீங்க வாயைத் திறந்திருந்தா நான் பொய் சொன்னவன் ஆயிருக்க மாட்டேன். இன்னொரு ஷோரூம்ல போயி நின்னா முதல்ல அதைத்தான் சொல்றாங்க."

வைத்துவிட்டார். பத்தியை இன்னும் படிக்கிறாரா என்று தெரியவில்லை. படித்தால், தயாளன்... எனக்கு அடுத்த வார்த்தை தெரியவில்லை.

குணா எந்தக் காரும் வாங்கவில்லை. ஆனால் நேற்று மெல்ல ஆரம்பித்தான். "சும்மா ஒரு இதுக்குக் கேக்கறேன் மாமா... ரெண்டுல எது பெஸ்ட்டு?"

எழுந்து உள்ளே போய்விட்டேன். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். பயமுறுத்துகிற வண்டி நல்ல வண்டி. பயமே தராத வண்டி என்றால், பயப்பட வேண்டியது ரோட்டில் நடப்பவர்கள்.

ராணி வாக்கர் பிடித்து நாலடி நடக்கிறாள். குந்த முடியவில்லை.

லைசென்ஸைக் கேட்டு மனு போடலாம், சீக்கிரமே திரும்ப வாங்கிவிடலாம் என்கிறார் வக்கீல்.

எனக்கு ஒரு அவசரமும் இல்லை.