‘உங்களுக்கு எது முக்கியம்?’ என்று கேட்கும் வேலை

வீடு தேடிப் போய் முதியவர்களைப் பார்க்கும் நர்ஸ் வேலையில் பிரஷர் பார்ப்பது சுலபம். மனசில் இருப்பதைக் கேட்டு வாங்குவதுதான் கஷ்டம். எங்கள் மருத்துவமனையில் இப்போது வைத்தியம் நல்லபடி நடக்கிறதா என்பதை சுகர் அளவை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. ‘உங்களுக்கு எது முக்கியம்?’ என்று கேட்டு, மூன்று மாதம் கழித்து அது நடந்ததா என்று எழுத வேண்டும். என்னைப்போல் படிவத்தோடு படியேறுகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா!

மணல்

கடப்பாக்கம் ஏகாம்பரம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. “நடக்கணும்” என்றார். சிமெண்ட் ரோட்டில் பயிற்சி கொடுத்தோம், நன்றாகவே நடந்தார். ‘நிறைவேறியது’ என்று எழுதப் போனேன். அவர் முகம் சுண்டிவிட்டது. “ரோட்டுல நடந்து எங்க போவப்போறேன்? படகு கரையேறுறப்ப நான் அங்க நிக்கணும்.”

எழுதியதை அடித்துவிட்டு மணலில் முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஐந்து வாரம். ஒரு காலையில் கோலை ஊன்றிக்கொண்டு மகனுடைய படகுவரை போய்விட்டார். திரும்பி வந்ததும் மூச்சு வாங்கியபடியே சொன்னார்: “இப்ப எழுதிக்கோ சிஸ்டர். வலைய இன்னாமா நாசம் பண்ணி வச்சிகீறான் பாரு!”

பதினான்காவது மாடி

நாவலூரில் சரோஜா அம்மா. கேள்வி அவருக்கு, பதில் ஐ.டி. மகனிடமிருந்து. “விழாம இருக்கணும், அவ்ளோதான்.” அதற்காகவே அம்மாவைக் கதவுக்கு வெளியே விடுவதில்லை. மகன் மீட்டிங்குக்காக உள்ளே போனதும் அம்மா மெல்லச் சொன்னார்: “தனியா கீழ போய் காய் வாங்கணும்மா. வந்து எட்டு மாசம் ஆச்சு, ஒருத்தர் பேரும் தெரியாது.”

எழுந்தால் தலை சுற்றும் என்றார். டாக்டர் பிரஷர் மாத்திரையைக் குறைத்தார், சுற்றல் நின்றது. மகன் அரை மனசோடு சம்மதித்தார். அடுத்த மாதம் மகன்தான் கதவைத் திறந்தார். “போன் பண்ணா அம்மா எடுக்கறதே இல்ல சிஸ்டர், கீழ அவ்ளோ பிஸி!”

வலது கை

முட்டுக்காட்டில் மீன் விற்ற கன்னியம்மாளுக்குப் பக்கவாதத்தில் வலது கை தளர்ந்துவிட்டது. விழுங்க முடியும், ஆனால் மருமகள் தேவி ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்வார். இளைத்துக்கொண்டே போனார். மூக்கில் குழாய் போடலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. பயந்துபோய், தனியாக உட்கார்ந்து கேட்டேன். கண் கலங்கினார். “அவ நல்லாத்தான் ஊட்டறா. எனக்குத்தான் கூச்சமா கீது. என் கையால துன்னணும்.”

தடித்த பிடி வைத்த கரண்டி, மெத்தென்ற இட்லி, தினமும் பயிற்சி. முதல் பத்து நாள் பாதி இட்லி தரையில். அப்புறம் வாய்க்குப் போக ஆரம்பித்தது, எடையும் ஏறியது. தேவி சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஒரு இட்லிக்கு அரை மணி நேரம் ஆவுது. ஆனா இன்னொன்னு வையின்னு கேக்குது!”

கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை இந்த வேலையில் நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில்தான் இதை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.