பாதியில் நிறுத்திய படம்

திரிங்காப்பு மலையூரில் காய்கறி லோரி ஓட்டும் ரூபனுக்கு வடிவம்மாள் மேல் சின்ன வயசிலிருந்தே ஒரு கடுப்பு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குத் தேத்தண்ணி வாங்க அவனைத்தான் விரட்டுவார்கள். மூடுபனியில் பல் கிடுகிடுக்கக் கடைக்கு ஓடித் திரும்புவதற்குள் கணக்குப் பாடம் முடிந்திருக்கும். வடிவு கடைசி ஜன்னலோரம் அலுங்காமல் உட்கார்ந்திருப்பாள். அவளை ஒருநாளும் அனுப்பியதில்லை. "வாத்தியாரு செல்லம்" என்று அவன்தான் பட்டம் வைத்தான். அவள் மூக்கைச் சுருக்கிச் சிரிப்பாள்.

பிறகு அவள் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனாள். சினிமாப் பைத்தியம். அந்தக் காலத்தில் திடலில் வெள்ளைத் துணி கட்டினால், சாக்கோடு வந்து முதலில் இடம் பிடிப்பவள் அவள்தான். டவுனில் புதுப்படம் என்றால் ரூபனின் லோரியை வழிமறித்து, முட்டைக்கோஸ் கூடைமேல் ஏறிக்கொண்டு போவாள்.

போன தீபாவளிக்குத் தோட்டத்து மண்டபத்தில் ஒரு படம் போட்டார்கள். அதில் ஒரு சின்னப் பெண் வாத்தியாருக்குத் தண்ணீர் கொண்டு வருகிறாள். அவள் என்ன சாதி என்று தெரிந்ததும் அவர் அதைத் தரையில் கொட்டுகிறார்.

பக்கத்தில் இருந்த வடிவு மெதுவாகச் சொன்னாள்: "இந்தப் புள்ளைய கொண்டாரவாச்சும் விட்டாங்க லா."

ரூபன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். அதற்குள் கோயில் கமிட்டித் தலைவர் நாகரத்தினம் எழுந்துபோய் வயரைப் பிடுங்கிவிட்டார். நம்ம தோட்டத்தில் அதெல்லாம் எப்போதுமே கிடையாது, எதற்கு லயத்து வீடுகளுக்குள் சண்டை என்றார். ஒருவரும் எழுந்துபோய் வயரைத் திரும்பச் செருகவில்லை. ரூபனும்தான். வேறொரு சிரிப்புப் படம் ஓடியது.

அவள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவளிடம் கேட்டான். ஒன்றாம் வகுப்பில் அவளாகவே ஆசையாக ஒருதரம் தேத்தண்ணி வாங்கி வந்தாளாம். ஆறி ஆடை கட்டும்வரை வாத்தியார் கிளாஸைத் தொடவே இல்லையாம்.

"நீ செல்லம்னு சொன்னப்ப சந்தோஷமா இருந்துச்சுடா," என்றாள். "மத்ததுங்களும் அப்படியே நம்பட்டும்னு விட்டுட்டேன்."

மிச்சப் படத்தைப் போனில் காட்டுகிறேன் என்றான். தனியாகப் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை.

பங்குனியில் நெஞ்சுவலி என்று அவளை லோரியில்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனான். அதற்குப்பின் அவள் வீடு திரும்பவில்லை. போகும் வழியில், கியா பார்ம் மலையிறக்கத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அந்தப் படத்த மறுபடி போடச் சொல்லு, ரூபா. எல்லாரும் இருக்கணும், நாகரத்தினமும்தான். நீ வயருகிட்ட உக்காந்துக்க."