பச்சை அம்பில் ஒரு வெட்டு

சௌம்யா கதை விடுகிற ரகம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் விழுந்து விழுந்து சிரிப்பாள். கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு புள்ளி பிசகினால் மட்டும் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளுக்குப் போன தை மாதம், பெங்களூரில், பட்டப்பகலில் நடந்தது இது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

திருப்பத்தூர்க்காரி அவள். கணவன் ஹரிஷ்குமார் வேலை விஷயமாக ஹைதராபாத்தில் மாட்டிக்கொண்டிருக்க, ஏழு வயது மகன் ரித்விக்கோடு லிங்கராஜபுரத்தில் குடியிருந்தாள். பையன் என்றால் உயிர். பள்ளிக்கூட வேன் வரும்வரை வாசலில் அவனைக் கட்டிக்கொண்டே நிற்பாள். மாடி வீட்டுக்காரர்கள், "வெளிநாட்டுக்கா அனுப்பறே?" என்று கிண்டல் செய்வார்கள்.

சந்துபொந்தில் வீடு தேடி அலைகிற டெலிவரி பையன்களுக்காக அவள் கம்பெனி ஓர் ஆப் செய்துகொண்டிருந்தது. போன் கேமராவைச் சந்தின் பக்கம் நீட்டினால் போதும். திரையில் ஆள் உயரத்துக்கு ஒரு பச்சை அம்பு அந்தரத்தில் நின்று வழி காட்டும். அம்புக்கு முன்னால் ஒரு பைக் வந்தால், பைக் மறைக்கிற அளவுக்கு அம்பு வெட்டுப்படும். எதிரே இருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்க போனிலேயே ஒரு சென்சார் உண்டு. அது பார்த்து வெட்டும். அப்போதுதான் அம்பு நிஜமாகவே சந்தில் நிற்கிற மாதிரி தெரியும்.

ஜீவனஹள்ளியில் ஒரு சந்தில் மட்டும் அம்பு சும்மாவே வெட்டுப்பட்டது.

முன்னால் பைக் இல்லை. ஆள் இல்லை. வெயில் காயும் வெறும் சிமெண்ட் தரை. ஆனாலும் அம்பின் கீழ்ப்பாதியில் ஓர் ஓட்டை... மேலே உருண்டையாக, கீழே அகலமாக. தலையும் தோளும் போல. சின்ன உருவம்.

"சென்சார் கோளாறு," என்றாள் சௌம்யா. போனை மாற்றிப் பார்த்தாள். அதே இடம், அதே ஓட்டை.

அந்தச் சந்தை அளப்பதற்காகப் போனோடு நடந்தவர்களின் தடங்களை எடுத்துப் பார்த்தாள். நேராக வந்த கோடுகள் அந்த இடத்தில் மட்டும் வளைந்து, சுற்றிக்கொண்டு போயின. ஒன்றுகூடத் தப்பவில்லை. அதில் பாதி முனிராஜ் நடந்தவை. ஜீவனஹள்ளியிலேயே பிறந்து வளர்ந்தவர், கம்பெனிக்காகத் தெருத்தெருவாக நடப்பதுதான் அவர் வேலை.

"நானா? நேரா தானே மேடம் நடந்தேன்," என்றார் அவர், ரோஷமாக.

திங்கட்கிழமை ஆப் வெளியாகியே தீர வேண்டும். சனிக்கிழமை மத்தியானம், பள்ளி விடுமுறை என்பதால் ரித்விக்கையும் கூட்டிக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனாள். ஓட்டை இருக்கிற இடத்தில் யாராவது நின்றால் சென்சாரைச் சரிபார்த்துவிடலாம். முனிராஜ் போய் நின்றார்.

"தள்ளி நிக்கறீங்கண்ணா."

"இல்ல மேடம், கரெக்டா நிக்கறேன்."

ஓரடி தள்ளித்தான் நின்றார். சௌம்யா சிரித்துக்கொண்டே போனை அவரிடம் கொடுத்துவிட்டுத் தானே போய் நின்றாள். அவர் திரையைப் படமெடுத்துத் திருப்பிக் காட்டினார்.

அவளும் ஓரடி தள்ளி.

மறுபடி நின்றாள். மறுபடியும் தள்ளி. அவளுக்கு எரிச்சல் வந்தது. பயம் வந்திருக்க வேண்டும், ஆனால் எரிச்சல்தான் வந்தது.

"ரித்து, நீ போய் அங்க நில்லுடா செல்லம்."

"பேடா, வேணாம் மேடம்," என்றார் முனிராஜ் சட்டென்று. "பையன் எதுக்கு?"

"ஏன், என்ன?"

"தெரியல... வேணாமே."

ரித்விக் மட்டும் நேராகப் போனான். நடு இடத்தில் நின்றான். தன் உயரத்தில் யாரையோ பார்த்துச் சிரித்தான்.

மணி 4.10.

அவன் விலகி வந்ததும் சௌம்யா திரையைப் பார்த்தாள். அம்பு முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா! கோளாறு தீர்ந்தது என்று ஆபீசுக்குச் செய்தி போட்டாள். ஆட்டோவில் திரும்பும்போது அவள் இந்த ஓரம், பையன் அந்த ஓரம். அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை ஆப் வெளியானது. ஆபீசில் கேக் வெட்டினார்கள். புதன்கிழமை சாயங்காலம் சௌம்யா வீட்டில் இருக்கும்போது, ரித்விக்கின் வகுப்பு ஷோபா மிஸ் போன் செய்தார்.

"ரித்விக் பக்கத்துல யாருமே உக்கார மாட்டேங்கறாங்க மேடம். சண்டையெல்லாம் இல்ல. கேட்டா, பக்கத்துல தானே இருக்கோம்ங்கறாங்க."

வகுப்புப் படம் ஒன்றையும் அனுப்பினார். பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ரித்விக்கைச் சுற்றி மட்டும் இடைவெளி. அவன் முகம் கொஞ்சம் மங்கல். மற்றவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு ஒன்று தோன்றியது.

நான் அவனைக் கடைசியாக எப்போது தொட்டேன்?

ஷூ லேஸ் அவனே கட்டிக்கொண்டான். டிபன் டப்பாவை அவன் கையில் கொடுக்காமல் நாற்காலியில் வைத்தாள். வேன் வந்தபோது அவள் கேட்டுக்கு உள்ளேயே நின்றாள்...

சனிக்கிழமையிலிருந்து தொடவே இல்லை.

சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். பையன் சோபாவில் இருந்தான்.

"ரித்து, இங்க வாடா."

வந்தான். அவள் கையை நீட்டிக்கொண்டு நேராக நடந்தாள். நேராகத்தான் நடந்தாள்...

அவனைத் தாண்டிச் சுவரில் போய் முட்டினாள்.

திரும்பி மறுபடி நடந்தாள். மறுபடி சுவர்.

"அம்மா, தூக்கிக்கோம்மா..." அவன் கை நீட்டி அழுதான்.

அவளால் முடியவில்லை. கால் தானாகச் சுற்றிக்கொண்டு போனது. போனை எடுத்தாள். ஆப்பைத் திறந்து அவன் பக்கம் நீட்டினாள்.

திரையில் சோபா. சுவர். நடுவில் பச்சை அம்பு.

பையன் இல்லை.

அம்பில் மட்டும் ஓர் ஓட்டை. தலை, தோள்... நீட்டிய இரண்டு கை.

அழுகை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. முனிராஜ்.

"மேடம், தர்மஸ்தலா கோயிலுக்குப் போயிட்டு இப்பதான் வந்தேன். நல்ல சேதி! அந்தச் சந்துல லீனாக்கான்னு ஒருத்தங்க. நாலு வருஷம் முன்னாடி அவங்க பையன் காணாம போயிட்டான். கிடைச்சிட்டான் மேடம்!"

"எப்போ?"

"சனிக்கிழமை. நாம கெளம்பின கொஞ்ச நேரத்துல. நீங்க டெஸ்ட் பண்ணீங்களே, அதே எடத்துல நின்னு அழுதுட்டிருந்தானாம்."

அழுகை வந்த பக்கம் திரும்பினாள்.

"காணாம போறப்ப... என்ன வயசு?"

"ஏழு." அவர் குரல் இறங்கியது. "அன்னிக்குப் போட்டிருந்த அதே ஸ்வெட்டர்தான் இப்பவும் போட்டிருந்தானாம் மேடம். இப்ப நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்..."

"சொல்லுங்க."

"அது அவனுக்கு இன்னும் அளவாத்தான் இருக்கு."