பரோட்டாக் கடைக்கு வெளியே

பல்லெல்லாம் போன அம்மாவைப் பரோட்டா தின்னக் கூட்டிப்போன அறிவாளி, போடியில் என்னைத் தவிர வேறொருவன் இருக்கமாட்டான். "இனி மருந்து வேண்டாம், பிடித்ததைக் கொடுங்கள்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்பது ஐம்பது வயதாகியும் எனக்குத் தெரியவில்லை.

கடைவீதியில் கொத்துப்பரோட்டா போடும் சத்தம் கேட்டதும் பழைய ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் போய்விட்டேன். மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து, சாமான் வாங்க, அப்பா, அம்மா, நான் மூவரும் ஜீப்பில் இறங்குவோம். அப்பாவும் நானும் இதே கடைக்குள் நுழைவோம். அம்மா எதிரே, பூட்டிய ஜவுளிக்கடை வாசலில், பைகளுக்குக் காவல் நிற்பாள். தோட்டத்துப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான் நிற்பார்கள். அப்பா பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, "சால்னாவ நல்லா ஊத்துண்ணே" என்பார். நான் முழங்கை வரை நக்குவேன். அம்மாவுக்கு ஒரு பொட்டலம். மலையேறி வீடு சேர்ந்து அவள் பிரிக்கும்போது அது செருப்புத்தோலாகியிருக்கும்.

இப்போது மின்விசிறிக்கு அடியில் அவளை உட்காரவைத்தேன். சால்னாவில் ஊறிய துண்டை வெகுநேரம் குதப்பிவிட்டு இலையோரம் துப்பினாள்.

"முடியலையாம்மா?"

"நீ தின்னுப்பா. எனக்குப் பசியில்ல."

அன்றும் இதையேதான் சொல்வாள். அதை நம்புவதற்கு என் வயிறும் நன்றாக ஒத்துழைத்தது.

"அப்பல்லாம் உள்ள வந்து உக்காந்து திங்கணும்னு உனக்குத் தோணவே இல்லையாம்மா?"

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"யாருப்பா கூப்புட்டா?"