மீன் கறி குடித்த மானிட்டர்

இதைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள். நானும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான். அந்த வாரம் மானிட்டர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை 'டக்'கென்று இருண்டுபோனது. கொஞ்ச நேரம் விட்டால் தானாக உயிர் வரும், மறுபடி போகும்.

நானும் பெரிய மெக்கானிக் மாதிரி பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன். வயரை முறுக்கினேன். மானிட்டர் தலையில் ரெண்டு தட்டுத் தட்டினேன். வீட்டில் பழைய டிவிக்கு நான் செய்த வைத்தியம் அது. கடைசியில் மின்சாரத்தைத் திட்டினேன். பக்கத்துக் கடையில் விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்குப் பார்த்து கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்திருந்தார். ஜவுளி வியாபாரி, சுத்த சைவம். மகள் கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதியை மறுநாள் காலை கோயிலில் சாமி முன்னால் வைத்த பிறகுதான் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க முடியும். சாயங்காலத்துக்குள் அந்த ஒரு பிரதி கையில் வேண்டும் என்றார். நான் அடித்ததைத் திரையில் படித்துப் பார்ப்பார், மாப்பிள்ளை வீட்டுப் பெயர் வரும் இடத்தில் திரை இருண்டுபோகும். மூன்று முறை அப்படி ஆனதும் முகம் கறுத்துவிட்டது. அபசகுனமாகப் படுகிறது என்று முணுமுணுத்தார்.

பயந்துபோய், பங்சாரில் இருந்த ரிப்பேர்காரருக்குப் போன் போட்டேன். மோட்டார் சைக்கிளில் வந்தவர் மானிட்டரைத் திருப்பி, பின்மூடியைக் கழற்றினார்.

முதலில் வாசனை வந்தது. புளித்த, அழுகிய, வெந்துபோன ஒரு வாசனை. பிறகு கரப்பான்கள் வந்தன. பெருசு, குட்டி, முட்டை சுமந்தது என்று குடும்பம் குடும்பமாக என் மேசை மேல் ஓடின. ஒன்று சட்டைக் கைக்குள் ஏறியது. நான் ஆடிய ஆட்டத்தை விவரிக்கப் போவதில்லை. உள்ளே பலகை முழுக்க மஞ்சள் நிறத்தில் எண்ணெய்ப் பிசின். அதில் கால் சிக்கிச் செத்தவை ஒட்டிக்கொண்டிருந்தன. மேல்மூடியின் காற்றுத் துளை ஒன்றுவிடாமல் அடைத்திருந்தது; உள்ளே சூடு ஏறித்தான் திரை இருண்டிருக்கிறது.

ரிப்பேர்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாஸ், இது மேல என்ன வைப்பீங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் காலையில் ரொட்டி சானாய், அதாவது எங்கள் பக்கத்துப் பரோட்டா, வாங்கி வருவேன். தொட்டுக்கொள்ளும் கறியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் வளையம் போட்டுக் கட்டித் தருவார்கள். மத்தியானம் வரை சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று அந்தப் பொட்டலத்தை மானிட்டர் தலையில் வைப்பேன். என்ன மூளை, பாருங்கள். கட்டு கொஞ்சம் கசியும். மேலே தெரிவதைத் துடைப்பேன். உள்ளே போனதை யார் பார்த்தார்கள்?

"பருப்புக் கறிதான்" என்று பெரியவருக்குக் கேட்கும்படி சொன்னேன்.

ரிப்பேர்காரர் குச்சியால் எதையோ நோண்டி எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "பருப்புல முள்ளு இருக்காது லா."

பெரியவர் எழுந்து வெளியே, கடை முன்னால் இருக்கும் நடைபாதையான அஞ்சடிக்குப் போய்விட்டார். அங்கிருந்தே, "தம்பி, இதுலயா என் பொண்ணு பேரை அடிச்சீங்க?" என்றார். கோபம்கூட இல்லை. குரல் உடைந்திருந்தது. அதுதான் என்னை நாறடித்தது.

சுரண்டி, துடைத்து, மருந்தடித்து மூடியபோது மணி மூன்று. மானிட்டர் நிலையாக எரிந்தது. ஒரு பிரதி எடுத்து வாசலில் நீட்டினேன். விரல் நுனியில் வாங்கி மோந்து பார்த்தார். மையின் வாசனைதான். ஆனாலும் திருப்பிக் கொடுத்தார்.

"குளிச்சிட்டு வந்து வேற ஒண்ணு எடுங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். சோப்பு பாதியாகும் வரை தேய்த்தேன். ஈரத் தலையோடு வந்து, பிரிண்டருக்கு முன்னால் வாயைத் திறக்காமல் நின்று இன்னொரு பிரதி எடுத்தேன். நான் மூச்சு விட்டால்கூட மீன் வாடை வரும் என்று தோன்றியது.

அவர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தூள் பொட்டலத்தை எடுத்து, அஞ்சடியில் நின்றபடியே பத்திரிகையின் நாலு மூலையிலும் தடவினார். என் கை படாத பக்கமாகப் பிடித்துக்கொண்டு ரயில் ஸ்டேஷனை நோக்கி நடந்தார்.