மச்சானை வெளியே உட்கார வைப்பது

தேசிய கால்பந்து அணிக்கு வெளிநாட்டுப் பயிற்சியாளர் தேவையா என்று யார் கேட்டாலும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. தேவையில்லை. நம் அணி தோற்கும்போதெல்லாம் ராமேஸ்வரத்தில் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் எழுந்து நின்று அதைச் சொல்வேன். மொழி தெரியாதவருக்கு நம் ஆட்களின் மனசு எப்படித் தெரியும், அவர் ஊர்ப் புல்லும் நம் ஊர்ப் புழுதியும் ஒன்றா, மூட்டையைக் கட்டச் சொல்லுங்கள். டிவிக்குள் அந்த வெள்ளைக்காரர், பாவம், கையைக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பார்.

"அவருக்குக் கேக்காது. எனக்குத்தான் கேக்குது" என்பாள் மனைவி.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. சார். சொந்த ஊர் நயினார்கோவில் பக்கம். வீட்டில் நெல்லும் மிளகாயும்தான். தீவுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருடமாகியும் மார்க்கெட்டில் மீனைக் காட்டிப் பெயர் கேட்டுத்தான் வாங்குகிறேன். கால்பந்தில் நான் கடைசியாக கோல் அடித்தது கல்லூரியில். அது எங்கள் பக்கத்து கோல்.

இப்படிப்பட்ட ஒருவனைத்தான் மாதா கோவில் திருவிழாப் போட்டிக்குப் பயிற்சியாளராக வரச் சொல்லி, பக்கத்து மீனவர் குடியிருப்பின் இளைஞர் மன்றச் செயலாளர் வீடு தேடி வந்தார். நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். அணியின் கோல் கீப்பரும் அவரே.

"உங்க ஊர்லயே நல்லா ஆடின ஆளுக இருப்பாங்களே" என்றேன், உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டே.

"இருக்காக சார். எல்லாம் எங்காளுக."

"அது நல்லதுதானே?"

"அதுதான் சார் வில்லங்கம்."

விளக்கினார். ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் மாமன், மச்சான். பெரிய விசைப்படகு வைத்திருக்கும் சம்மாட்டி ஒருவர். அவருடைய மருமகன்தான் அணியில் பத்தாம் நம்பர். வயது நாற்பதை நெருங்குகிறது. பந்து வந்தால் யாருக்கும் தரமாட்டார், ஓடவும் மாட்டார். பெனால்டி கிடைத்தால் அடிப்பது மட்டும் அவர்தான். மூன்று வருடமாகப் பக்கத்து ஊர் அணியிடம் முதல் ஆட்டத்திலேயே தோல்வி.

"அவர உக்காரச் சொல்லவேண்டியதுதானே?"

"டீமுல அஞ்சு பேரு அவுக படகுலதான் தொழிலுக்குப் போறாக. எனக்கு அவரு பெரியம்மா மகன். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? நீங்க வெளியாளு சார். சொல்லிப்புட்டுப் போயிரலாம்."

ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். முதல் ஆட்டத்தில் ஜெயித்தால் அடுத்த வருடமும் நானே. தோற்றால் கூட்டம் போட்டு வேறு ஆளைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. இத்தனை வருடமாக ஆறாம் வகுப்பை வரிசையில் நிறுத்துவதே என் சாதனை. வளர்ந்த ஆண்கள் பதினோரு பேர் என் விசிலுக்குத் திரும்பிப் பார்ப்பார்கள் என்றால் சும்மாவா. எப்படியும் அதைக் கைவிடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதல் வேலையாக அட்டவணை போட்டேன். திங்கள், செவ்வாய், புதன், சாயங்காலம் ஐந்து மணி. திங்களன்று ஐந்து பேர் வந்தார்கள். மிச்ச ஆறு பேர் எங்கே என்றால், கடலில். செவ்வாயன்று அந்த ஆறு பேர் வந்தார்கள். முதல் ஐந்து பேர் கடலில். விசைப்படகு போகிற நாளில் நாட்டுப்படகு போகாது, நாட்டுப்படகு போகிற நாளில் விசைப்படகு போகாது. வலைச் சண்டை வராமலிருக்க இந்தக் கரை வைத்திருக்கும் ஏற்பாடு. ஆறு வருடமாக நான் பாடம் நடத்துகிற பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாரும் இப்படித்தான் போய்வருகிறார்கள். எனக்குத்தான் உறைக்கவில்லை. திங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாஸை வாங்க வேண்டியவர்கள் செவ்வாய் ஆட்கள். பந்தை அடித்துவிட்டு, "இது நாளைக்கு வார ஆளுக்கு சார்" என்று ஒருவர் சொன்னபோது விசிலைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

புயல் எச்சரிக்கை விட்டால் மட்டுமே இரண்டு தரப்பும் கரையில் இருக்கும். எனவே வேறு வழியில்லாமல் புயல் எச்சரிக்கைக்கு வேண்டிக்கொண்டேன். வந்தது. பதினோரு பேரும் வந்தார்கள். காற்றும் வந்தது. முதல் உதையிலேயே பந்து கடலுக்குள் போனது. எடுக்க நான்கு பேர் நீந்திப் போனார்கள். அந்த வேகத்தில் அவர்கள் தரையில் ஒருநாளும் பந்துக்குப் பின்னால் போனதில்லை. பத்தாம் நம்பர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஏலே, இடது கை பக்கமா வாங்கடா" என்று கரையிலிருந்து வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றே செயலாளரிடம் சொன்னேன்: "அவர் வெளியதான். ஞாயித்துக்கிழமை நானே மூஞ்சிக்கு நேராச் சொல்லிர்றேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் பைக் சத்தம். பத்தாம் நம்பர். கையில் ஒரு பை. பைக்குள் ஏதோ நகர்ந்தது.

"நண்டு சார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன். அக்காவுக்கு இத உடைக்கத் தெரியுமோ என்னமோன்னு..."

தெரியாது. என் மனைவி ஆர்.எஸ்.மங்கலத்துக்காரி. கண்மாய் மீனைத் தாண்டி அவளுக்குப் பழக்கமில்லை. அவரே பின்பக்கக் குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்து நண்டை உடைத்து, கழுவி, மசாலாவில் எதைக் குறைக்க வேண்டும் என்பதுவரை சொல்லிக்கொடுத்தார். நடுவில் அவளுக்கு எந்த ஊர் என்று கேட்டார்.

"ஆர்.எஸ்.மங்கலமா? எங்கம்மா கருவாடு கொண்டுக்கிட்டு அந்தச் சந்தைக்குத்தான் போகும். அப்ப நீங்க எனக்கு நெசமாவே அக்கா." என் பக்கம் திரும்பினார். "அப்ப சாரு மச்சான்."

இதில் எந்தத் தர்க்கமும் இல்லை. ஆனாலும் சேர்ந்து சாப்பிட்டோம். அணியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் போனதும் மனைவி, "இந்த மனுசனையா உக்கார வைக்கப் போறீங்க?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டியலை வாசித்தேன். பத்தாம் நம்பர் அதில் இருந்தார். செயலாளர் கையுறையை மாட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

முதல் பாதியில் யாரும் கோல் போடவில்லை. இடைவேளையில் ஒரு முடிவோடு அவரிடம் போனேன்.

"மச்சான், நீங்க கொஞ்சம்..."

"சொல்லுங்க மச்சான்."

"தண்ணி குடிங்க."

இரண்டாம் பாதியில் பக்கத்து ஊர் ஒரு கோல் போட்டது. கடைசி நிமிடங்களில் எங்களுக்கு ஒரு பெனால்டி. அவர் நிதானமாகப் பந்தை வைத்தார், பின்னால் நடந்தார், ஓடி வந்து அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலே, கூட்டத்துக்கு மேலே, ஐஸ் கம்பெனி காம்பவுண்டுக்குள் போய் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கூட்டம். வேலை போகாது என்று ஒரு நப்பாசை எனக்கு. யார் பேசாவிட்டாலும் மச்சான் பேசுவார். பேசவும் செய்தார். முதல் ஆளாக எழுந்தார்.

"தப்பு சார் மேலதான். என்னய எறக்கியிருக்கக் கூடாது."

நான் செயலாளரைத் திரும்பிப் பார்த்தேன். மச்சான் நிறுத்தவில்லை.

"எனக்கு முட்டி புடிச்சு ரெண்டு வருசமாச்சு. நானாப் போயி உக்காந்தா மாமனாருக்குக் கவுரவக் கொறச்சல். உள்ளூர்க்காரன் சொன்னா சண்ட வரும். வெளியாளு சொன்னாப் பேசாம உக்காந்திருப்பேன். அதுக்குத்தான ஆளக் கூப்டோம்?"

"அப்ப அந்த நண்டு எதுக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது அக்காவுக்கு. கோச்சு வீட்டுக்கு வெறுங்கையோடயா வருவாக?"

கூட்டம் சிரித்து அடங்க நேரமானது. எனக்கு அப்போதுதான் அந்த வெள்ளைக்காரரின் அருமை புரிந்தது. ஆட்டத்தில் அவர் பெரிய மேதையாக இருக்க வேண்டியதில்லை. யாருக்கும் மச்சானாகாமல் இருந்தால் போதும். நம் மொழி அவருக்குத் தெரியாது என்று நான் குறை சொன்னேனே, அதுதான் அவருடைய முதல் தகுதி. பேசத் தெரிந்திருந்தால் அவரையும் யாராவது சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள்.

மதுரையிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவது என்று தீர்மானித்தார்கள். எதிர்ப்பவர்கள் உண்டா என்று செயலாளர் என்னைப் பார்த்தே கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்தால் பத்தாம் நம்பர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு நின்றார்.

"ஏறுங்க மச்சான், வீட்டுல விட்டுர்றேன்."

அவர்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு நடந்தே போயிருக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. ஏறிக்கொண்டேன். பாதி வழியில் தலையை லேசாகத் திருப்பி, "அந்தப் பெனால்டி உள்ள போயிருக்கும் மச்சான். மேக்குப் பக்கத்துக் கோலு, கண்ணுல வெயிலு அடிச்சிருச்சு" என்றார்.

அன்று ஆட்டம் முழுக்க மேகமூட்டம்.

"ஆமா மச்சான்" என்றேன். "சரியான வெயில்."